அமைதியாகப் படுத்திருப்பவரையும் கூப்பிட்டுப் பாருங்கள்: இதய ஆபரேஷனுக்குப் பின் டெலிரியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். புதிதாக டியூட்டியில் சேரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் பெட் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் நல்லதுதான். இந்த வேலையில் பாதி, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்தான் இருக்கிறது.

பைபாஸோ வால்வு ஆபரேஷனோ நல்லபடியாக முடிந்திருக்கும். பிபி சரி, மார்பிலிருந்து ரத்தம் வடிக்கும் டிரெயின் குறைந்துவிட்டது, மூச்சு ட்யூபும் எடுத்தாயிற்று. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ராத்திரியில் அவர் புத்தி தடுமாற ஆரம்பிக்கும். அதுதான் டெலிரியம். இதய ஆபரேஷனுக்குப் பின் இது எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்த ஆய்வுகளில் 10 பேரில் ஒருவர் என்பதிலிருந்து இரண்டு பேரில் ஒருவர் என்பது வரை கணக்கு மாறுகிறது. நோயாளிகளின் வயதும், எவ்வளவு கவனமாகத் தேடினார்கள் என்பதும் இதற்குக் காரணம். தேடாத ஐசியூவில் டெலிரியம் குறைவாகத்தான் தெரியும்.

கத்துகிறவரை யாரும் தவறவிடுவதில்லை. மருந்து ஏற்றும் லைனை இழுப்பார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், "என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்க" என்று சத்தம் போடுவார். ஐந்து நிமிடத்தில் டியூட்டி டாக்டர் வந்துவிடுவார். இன்னொரு வகை உண்டு. கண்ணை மூடிப் படுத்திருப்பார், கேட்டால் "ம்" என்பார், ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்வார். கேஸ் ஷீட்டில் "நோயாளி அமைதியாக உள்ளார்" என்று எழுதிவிட்டு நாம் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவோம். வயதானவர்களிடம் இந்த அமைதி வகைதான் அதிகம் தப்புகிறது. நான் இவ்வளவு எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாளே தொடங்குங்கள்

மாறிவிட்டார் என்று சொல்ல, முன்னால் எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அட்மிஷன் அன்று கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கணக்கு வழக்கு அவரே பார்க்கிறாரா? சமீபத்தில் போன வழி மறந்து நின்றிருக்கிறாரா? சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? முன்பு பக்கவாதம் வந்ததா? காது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு ஓமலூரிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ கூட வந்த மருமகள் சொல்லும் பதில், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் சொல்வதைவிடப் பெரும்பாலும் சரியாக இருக்கும். தினமும் சோறு போடுகிறவருக்குத்தான் தெரியும்.

காதை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கம் விசைத்தறியில் வருஷக்கணக்காக நின்றவர்கள் நிறையப் பேருக்குக் காது மந்தம். கேட்காததால் பதில் சொல்லாதவரைக் கவனம் இல்லாதவர் என்று எழுதிவிடுவோம். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டுக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். காது மெஷின், மூக்குக் கண்ணாடி, பல் செட் எல்லாம் ஒரு டப்பாவில் பெயர் எழுதி ஐசியூவுக்குள் வரட்டும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

குடிப் பழக்கத்தை மனைவி மக்கள் எதிரில் கேட்காதீர்கள், பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிபி பார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசியா எப்பங்க ஐயா குடிச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். குடிப்பீர்களா என்று கேட்பதைவிட இதற்கு உண்மையான பதில் வரும். அப்படியே தூக்க மாத்திரை, வெற்றிலையோடு போடுகிற புகையிலை பற்றியும் கேட்டுவிடுங்கள். மூன்றுமே திடீரென்று நின்றால் மூன்றாம் நாள் தகராறு செய்யும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கிழமைகளையோ மாதங்களையோ பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஜனவரி பிப்ரவரி வராதவர்கள் பங்குனி, மாசி, தை என்று தமிழ் மாதத்தைச் சொல்லட்டும். எங்கே நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆறு மாதத்தோடு நின்றவர், பிறகும் ஆறில் நின்றால் அது புது மாற்றம் இல்லை.

பெட் பக்கத்துச் சோதனை

எங்கள் யூனிட்டில் பயன்படுத்துவது கேம்-ஐசியூ (CAM-ICU) என்ற சோதனை. 1990-ல் ஷாரன் இனோயே என்ற மருத்துவரின் குழு டெலிரியத்தைக் கண்டறியக் கொண்டுவந்த கேம் முறையை, அமெரிக்காவில் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலியும் அவருடைய குழுவினரும் ஐசியூவுக்கு ஏற்றபடி மாற்றி 2001-ல் வெளியிட்டார்கள். வாயில் ட்யூப் இருந்து பேச முடியாதவருக்கும் செய்யலாம். கையை அழுத்தினாலும் தலையை ஆட்டினாலும் போதும். பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு தடவையாவது செய்ய வேண்டும், மாற்றம் தெரிந்தால் உடனே இன்னொரு தடவை.

முதலில் விழிப்பு எப்படி என்று ராஸ் என்ற அளவுகோலில் (மைனஸ் 5 முதல் பிளஸ் 4 வரை) பாருங்கள். சும்மா நின்று பாருங்கள், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தானாகவே விழித்து அமைதியாக இருந்தால் 0. கூப்பிட்டதும் கண் திறந்து 10 விநாடிக்கு மேல் நம் முகத்தைப் பார்த்தால் மைனஸ் 1, அதற்குள் கண் சொருகினால் மைனஸ் 2. அசைவு மட்டும் இருந்து நம்மைப் பார்க்கவே இல்லை என்றால் மைனஸ் 3. தொட்டு உலுக்கினால்தான் அசைகிறார் என்றால் மைனஸ் 4, அதற்கும் அசைவில்லை என்றால் மைனஸ் 5. இந்தப் பக்கம் பிளஸ் 1 என்றால் இருப்புக் கொள்ளாமல் நெளிகிறவர், பிளஸ் 4 என்றால் அடிக்க வருகிறவர். மைனஸ் 4, 5-ல் இருப்பவரிடம் டெலிரியம் பார்க்க முடியாது. ஏன் அப்படி இருக்கிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள், பிறகு திரும்பி வாருங்கள். மைனஸ் 3 முதல் பிளஸ் 4 வரை என்றால் சோதனையைத் தொடரலாம்.

அடுத்து, முன்பிருந்த நிலையிலிருந்து மாறியிருக்கிறாரா, அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ஏறி இறங்கி இருக்கிறாரா என்று பாருங்கள். காலை ரவுண்ட்ஸில் "வணக்கங்க டாக்டர், நல்லா இருக்கேனுங்க" என்று சொல்லுகிறவர், அன்று ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று காட்டுவார். இந்த ஏற்ற இறக்கம்தான் டெலிரியத்தின் குணம். அதனால் காலையில் தெளிவாக இருந்தார் என்பதற்காக நைட் டியூட்டி நர்ஸ் எழுதியதைத் தள்ளிவிடக் கூடாது. ரவுண்ட்ஸில் டாக்டர் பார்ப்பது மூன்று நிமிடம், நைட் நர்ஸ் பார்ப்பது இரவு முழுவதும்.

மூன்றாவது கவனம். முக்கியமான கட்டம் இதுதான். மூல முறையில் ஆங்கில எழுத்துகள் பத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏ என்ற எழுத்து வரும்போது மட்டும் நம் கையை அழுத்தச் சொல்வார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் இது எடுபடாது. நான் எண்களைச் சொல்வேன். "அம்மா, நான் நம்பர் சொல்லுவேன். மூணுன்னு சொன்னா மட்டும் என் கையை அமுக்குங்க. மத்ததுக்கு அமுக்கக் கூடாது. சரிங்களா?" பிறகு சாதாரணக் குரலில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு: எட்டு, மூணு, ஆறு, நாலு, மூணு, பத்து, மூணு, மூணு, ஏழு, அஞ்சு.

ஒண்ணு என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காது மந்தமானவருக்கு ஒண்ணும் மூணும் ஒரே மாதிரி விழும். மூணுக்கு அழுத்தாவிட்டால் ஒரு தப்பு, மற்ற எண்ணுக்கு அழுத்தினாலும் ஒரு தப்பு. இரண்டுக்கு மேல் தப்பு வந்தால் கவனம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். எந்த வரிசை என்பதை உங்கள் யூனிட்டில் எல்லோரும் பேசி ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால் நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட முடியாது.

கை விஷயத்திலும் கவனம் வேண்டும். பிபி பார்க்கத் தமனியில் போட்ட ஆர்ட்டீரியல் லைன் இருக்கிற கையைப் பிடிக்காதீர்கள். பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கையாக இருந்தால் அழுத்தினாலே வலிக்கும். வலியால் அழுத்தாமல் விட்டதைத் தப்பாக எண்ணிவிடுவோம். அடுத்த கையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மானிட்டர் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

ராஸ் 0 தவிர வேறு எதுவாக இருந்தாலும், மாற்றமும் கவனச்சிதறலும் சேர்ந்திருந்தால் டெலிரியம் உறுதி. ராஸ் 0-ஆக இருந்தால் மட்டும் யோசனை சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கல் தண்ணியில மிதக்குமா? கடல்ல மீன் இருக்குமா? ஒரு கிலோ ரெண்டு கிலோவை விடக் கனமா? சுத்தியல்ல ஆணி அடிக்கலாமா? நான்குக்கும் ஆமாம், இல்லை போதும். பிறகு இரண்டு விரலைக் காட்டி "இத்தனை விரல் காட்டுங்க" என்று சொல்லுங்கள். காட்டியதும் "இப்ப அடுத்த கையில அதே மாதிரி" என்று மட்டும் சொல்லுங்கள், எத்தனை என்று மறுபடி சொல்லாதீர்கள். ஒரு கையை அசைக்க முடியாதவரிடம் "இன்னும் ஒரு விரல் சேர்த்துக் காட்டுங்க" என்று கேட்கலாம். ஐந்தில் ஒன்றுக்கு மேல் தப்பானால் டெலிரியம்தான்.

தேதி, ஊர், பிரதமர் யார் என்ற கேள்விகளை இதில் நான் சேர்ப்பதில்லை. ஐசியூவில் பகலும் இரவும் ஒரே வெளிச்சம். மூன்று நாள் படுத்தால் எனக்கே தேதி தெரியாது. அதே சமயம், பேர், ஊர், மகன் பேர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தெளிவாக இருக்கிறார் என்று முடிவு கட்டவும் முடியாது. பல வருஷம் சொல்லிப் பழகியது அரை மயக்கத்திலும் வரும். பத்து எண்களை விடாமல் பின்தொடர்வது வராது.

சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பெரியவர்கள் பேச்சு சில சமயம் நமக்குப் பிடிபடாது. நமக்குப் புரியாததைக் குழறல் என்று எழுதிவிடக் கூடாது. வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர் ஒருவரை உள்ளே கூட்டி வந்து பேச வையுங்கள். "அப்பா எப்பவும் இப்படித்தான் பேசுவாருங்களா?" என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். சாயங்கால பஸ்ஸில் மலைக்குத் திரும்ப வேண்டியவர் என்றால் அதற்கு முன்பே கூப்பிட்டு, போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு 4ஏடி என்ற முறை சுலபம். விழிப்பு நிலை, நான்கு கேள்விகள் (வயது, பிறந்த தேதி, இடம், வருஷம்), மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, திடீர் மாற்றம் இருக்கிறதா என்பது. மொத்தம் 4-ம் அதற்கு மேலும் வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறந்த தேதியே தெரியாத பெரியவர்கள் நம்மிடம் உண்டு. அதனால்தான் முந்தைய நாள் எழுதி வைத்த குறிப்பு உதவும்.

கையைப் பாருங்கள்

சோதனைக்கு வெளியே ஒரு விஷயம். ராத்திரி விளக்கைக் குறைத்த பிறகு கைகளைக் கவனியுங்கள். போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள், இல்லாத நூலைப் பிடிப்பார்கள். அம்மாபேட்டைப் பக்கத்துக் கைத்தறிக்காரர் ஒருவர், கண் பாதி மூடியபடி, வலது கையால் எதையோ இழுத்து விட்டு, இழுத்து விட்டு, நடுவில் விரலால் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற மாதிரி செய்தார். வாய் பேசவில்லை, தகராறு ஏதும் இல்லை. பகலில் அவரை எல்லோரும் நல்லாத் தூங்குகிறார் என்றுதான் சொன்னார்கள். கூப்பிட்டால் நான்கு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார், மைனஸ் 2. பத்து எண்ணில் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. ஏபிஜி என்ற தமனி ரத்தப் பரிசோதனை எடுத்தபோது கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தது. தூக்கம் என்று நினைத்தது தூக்கம் இல்லை, மூச்சு போதவில்லை.

கண்டுபிடித்ததும் காரணத்தைத் தேடுங்கள்

டெலிரியம் என்று எழுதுவதோடு வேலை முடிவதில்லை. உடம்பில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று மூளை சொல்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்தானது முதலில். விரல் நுனியில் சுகர் பாருங்கள், அரை நிமிடம் ஆகாது. ஆக்சிஜன் அளவு, பிறகு ஏபிஜி. பிபி இறங்குகிறதா, யூரின் குறைகிறதா, வழிந்துகொண்டிருந்த டிரெயின் சட்டென்று நின்றுவிட்டதா? நின்றால் நிம்மதிப்படாதீர்கள். இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டி அழுத்தலாம், உடனே சர்ஜனுக்குச் சொல்லுங்கள். மானிட்டரில் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இந்த நாட்களில்தான் தலைகாட்டும்.

கூடவே பக்கவாதம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் தணிகிறதா? பேச்சு சரளமாக வந்தும் சம்பந்தமில்லாத வார்த்தைகளாக இருக்கிறதா? இதய ஆபரேஷனுக்குப் பின் பக்கவாதம் வரக்கூடியது. டெலிரியம் என்று பெயர் வைத்துவிட்டு அதை விட்டுவிட்டால் ஈடு செய்யவே முடியாது. ஒரு பக்கக் குறை எதுவாக இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், சிடி ஸ்கேன் தள்ளிப் போடக் கூடாது. முகமோ விரலோ லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தால் வலிப்பாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

பிறகு காய்ச்சல், மார்பு வெட்டு, லைன் போட்ட இடம், சளி. ரத்தப் பரிசோதனையில் சோடியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். யூரின் போகப் போட்ட கதீட்டரை எடுத்த பிறகு யூரின் தேங்கி நிற்கிற பெரியவர்கள் சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள். கடைசியாக வெளிக்குப் போனது எப்போது என்று யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். இருமும்போது நெஞ்சைப் பிடிக்கிறாரா? வலி தீராமல் இருந்தாலும் குழப்பம் வரும், வலிக்குக் கொடுக்கிற டிரமடாலோ மார்ஃபினோ அதிகமானாலும் வரும்.

மருந்துச் சீட்டை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். மிடசோலாம், லோராசெபாம் மாதிரித் தூக்க மருந்துகளும், அரிப்புக்கோ தூக்கத்துக்கோ கொடுத்த அவில், ஃபினெர்கன் ஊசிகளும் வயதானவர்களிடம் டெலிரியத்தைக் கிளப்பும். எது தேவை, எதை நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு குடி நின்றதால் வருவது. கடைசியாகக் குடித்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கை நடுக்கம், வேர்வை, வேகமான துடிப்பு, உடம்பில் பூச்சி ஊர்கிறது என்ற புலம்பல் எல்லாம் சேர்ந்து வந்தால் அதை நினையுங்கள். அதற்கு லோராசெபாம் போன்ற மருந்துதான் வேண்டும், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நாம் கேட்டு எழுதிய பதில் இங்கேதான் கைகொடுக்கும்.

ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். 2018-ல் வந்த மைண்ட்-யுஎஸ்ஏ என்ற பெரிய ஆய்வில், ஐசியூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்ததால் டெலிரியம் இருக்கும் நாட்கள் குறையவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்கிற அளவுக்குப் போனால் டாக்டர் கொடுப்பார். அப்போது ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். கைகளைக் கட்டுவது கடைசி வழி. கட்டினால் இன்னும் திமிறுவார், அறுத்து இணைத்த மார்பெலும்புக்கு அந்த இழுப்பு ஆகாது. கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மெஷினை வையுங்கள், பகலில் உட்கார வையுங்கள், ராத்திரி தேவையில்லாமல் எழுப்பாதீர்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதுவதும் சொல்வதும்

ஹேண்ட் ஓவரில் "கொஞ்சம் குழப்பமா இருக்கார்" என்று சொல்லாதீர்கள். "ராத்திரி 2 மணிக்கு ராஸ் மைனஸ் 1, எண் சோதனையில் 5 தப்பு, கேம் பாசிட்டிவ். மாலை 6 மணிக்கு நெகட்டிவ். சுகர் 142, யூரின் சரி, ஏபிஜி அனுப்பியிருக்கு" என்று சொல்லுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம்.

வீட்டாரிடம் நேராகச் சொல்லுங்கள். அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ, ஆஸ்பத்திரியில் காத்துக் கருப்பு அடித்துவிட்டதோ என்று பயந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள். "இது ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வர்றதுங்க. காரணத்தைத் தேடிக்கிட்டு இருக்கோம். பெரும்பாலும் சில நாள்ல தெளியும். அவர் திட்டினா மனசுல வச்சுக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசுங்க." இவ்வளவு சொன்னால் போதும். எதிர்த்து வாதாட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சுவரில் எறும்பு இருக்கிறது என்றால், "எனக்குத் தெரியலீங்கப்பா, ஆனா நான் இங்கதான் இருக்கேன்" என்றால் போதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டெலிரியம் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். சிலருக்கு ஞாபகமும் கவனமும் மாதக்கணக்கில் மங்கலாக இருக்கும். ரிவியூவுக்கு வரும்போது மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர், கூடவே தங்கியிருக்கிறவர் யாரோ, அவரையே கூட்டி வரச் சொல்லுங்கள். அன்று மறுபடி மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வைத்து, அட்மிஷன் அன்று எழுதியதோடு வைத்துப் பாருங்கள். குறைந்தே இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.